டிகாஷன் நிறத் தண்ணீர்

மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி அடைமழையில், பாகூர் பக்கம் இருக்கிற எங்கள் நிலத்தின் தொழுவுரக் குழி நிரம்பி வழிந்தது. வழிந்த தண்ணீர் டிகாஷன் நிறம். பக்கத்து வயல் அண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "சத்தெல்லாம் தண்ணியா ஓடுது தம்பி, வாய்க்கால்ல திருப்பி விடு, நெல்லு குடிக்கட்டும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கறுப்புத் தண்ணீர் என்றால் சத்துத் தண்ணீர் என்றுதானே நாம் பழகியிருக்கிறோம். திருப்பி விட்டேன்.

நான்காம் நாள் விடியற்காலையில் அண்ணனுடைய குட்டையில் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வெயில் ஏறுவதற்குள் பாதி மீன் மிதந்தது. என் வாய்க்கால் போய் முடிகிற இடம் அவர் குட்டைதான். அவர் சண்டை போடவில்லை. "நான்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது சண்டையைவிட மோசமாக இருந்தது.

அந்த நிறம் என்ன, அது எங்கிருந்து வருது, எங்கே போகுது என்று அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். தேடிப் படித்ததையும், வீட்டில் மூன்று கண்ணாடி டம்ளரில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தண்ணீரை வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டிப் பாருங்க. வண்டல் துணியில் நிற்கும், நிறம் மட்டும் கீழே இறங்கிவிடும். இலை, சாணி, வேர், நுண்ணுயிர் எல்லாம் சிதைந்து தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிட்ட பகுதி அது. இதற்குக் கரைந்த கரிமப் பொருள் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் 0.45 மைக்ரான் துளை கொண்ட வடிதாளில் ஊற்றுவார்கள். அதில் இறங்கியது கரைந்தது, நின்றது கரையாதது என்று கணக்கு. நாம் மட்கு மட்கு என்று சொல்கிறோமே, அதில் கால் முளைத்து நடந்து போகிற பங்கு இதுதான்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள நம்ம வயலைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. மண்ணே முழுக்க மட்காக இருக்கிற சதுப்பு நிலம். ஆங்கிலத்தில் பீட் என்பார்கள், தமிழில் முற்றா நிலக்கரி. செடி செத்து விழுகிறது. கீழே எப்போதும் தண்ணீர் நிற்பதால் காற்று போகாது, முழுசாக மட்காது. அதன் மேல் அடுத்த செடி விழும். இப்படியே ஆயிரம் ஆயிரம் வருஷம் அடுக்கு அடுக்காகச் சேர்கிறது. உலக நிலப்பரப்பில் இது 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்களெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் கரிமத்தைவிட இந்த 3 சதவீத நிலத்துக்குள் அதிகம் இருக்கிறது.

'அது குளிர்நாட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நீலகிரியில் இருக்கிறது. சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே, பள்ளங்களில் தண்ணீர் தேங்குகிற இடங்களில், ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவிலும் வேறு சில பள்ளத்தாக்குகளிலும் கறுப்பாக, கையில் எடுத்தால் பஞ்சு போல, பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் ஒழுகும் மண். அதைப் பற்றி முதலில் உட்கார்ந்து படித்த இடங்களில் ஒன்று நம்ம புதுச்சேரி டவுன்தான். புனித லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மகரந்தத் தூளை ஆராய்கிற பிரிவு உண்டு. சாண்டிநல்லா மண்ணுக்குள் அடுக்கடுக்காகப் புதைந்திருந்த மகரந்தத்தைக் கணக்கெடுத்து, எந்தக் காலத்தில் எந்தச் செடி அங்கே நின்றது என்று ஜி. வசந்தி 1988-இல் வெளியிட்டார். கடற்கரைக்குப் போகும்போது அந்தக் கட்டடத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், மலைச் சேற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று தெரியாமலே.

பிறகு 1993-இல் ஆர். சுகுமாரும் கூட்டாளிகளும் நீலகிரி பீட்டில் உள்ள கரிமத்தை வைத்து 20,000 வருஷ மழைக் கணக்கைப் படித்தார்கள். அதன் வழி நமக்குப் பிடிபடக்கூடியதுதான். சோளம், கரும்பு, வெப்பநாட்டுப் புல் இவை காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை ஒன்று. நெல்லும் மரமும் எடுக்கும் முறை வேறு. இரண்டும் கரிமத்தில் தனித்தனி முத்திரை வைத்துவிட்டுப் போகும். செடி மட்கிக் கறுத்துப்போன பிறகும் அந்த முத்திரை அழியாது. வறண்ட காலத்தில் ஒரு வகை ஓங்கியிருக்கிறது, மழைக் காலத்தில் மற்றது. அந்தக் கறுப்பு மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்தால், இந்த நாட்டில் யாரும் நெல் விதைப்பதற்கு முன் செத்த புல் அதில் இருக்கலாம்.

அவ்வளவு காலம் எப்படிக் கெடாமல் இருந்தது? ஊறுகாய் எப்படிக் கெடாமல் இருக்கிறதோ அப்படித்தான், கொஞ்சம் வித்தியாசத்தோடு. ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் காவல். சதுப்பில் காவல் காப்பது, தேயிலையிலும் கடுக்காயிலும் இருக்கிறதே, துவர்ப்பு, அந்த வகைப் பொருட்கள். பீனால் என்பார்கள். மட்க வைக்கிற நொதிகளை இவை கட்டிப் போட்டுவிடும். இந்தத் துவர்ப்பை உடைக்க ஒரு நொதி உண்டு, ஆனால் அது வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் நிற்கிறவரை ஆக்சிஜன் இல்லை, அதனால் துவர்ப்பு உடையாது. துவர்ப்பு உடையாதவரை மற்ற நொதிகளுக்கும் வேலை இல்லை. 2001-இல் கிறிஸ் ஃப்ரீமன் என்ற பிரிட்டன் ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதை ஒரு தாழ்ப்பாள் என்று விளக்கினார்கள். பொருத்தமான பெயர். வடிகால் வெட்டுகிறவன் தண்ணீரை மட்டும் வெளியேற்றவில்லை, தாழ்ப்பாளையும் சேர்த்துத் திறக்கிறான்.

திறந்தபின் மட்கு இரண்டு வழியில் கிளம்பும். ஒன்று, கரியமில வாயுவாகக் காற்றில். இன்னொன்று, கரைந்து தண்ணீரில். நீலகிரியில் பள்ளங்களை வடித்துக் காய்கறி போட்டார்கள், தேயிலை வைத்தார்கள், மேட்டில் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். அந்தப் பக்கத்து ஓடைகள் மாயாற்றில் சேரும், மாயாறு பவானியில், பவானி காவிரியில். காவிரியின் கடைமடை எங்கே? நம்ம காரைக்கால். மலையில் ஒரு சதுப்பை வடிப்பது அந்த ஊர்க்காரர்களோடு முடிகிற விஷயம் இல்லை. மழையைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக் கோடையில் கசியவிடுகிற இடம் அது.

இதன் பெரிய பாடம் இந்தோனேசியாவில் நடந்தது, அதுவும் நெல்லின் பெயரால். போர்னியோ தீவின் மத்திய கலிமந்தானில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல் வயலாக்கப் போகிறோம் என்று 1990-களின் நடுவில் அதிபர் சுகார்த்தோ அரசு 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டியது. நெல் சொல்லிக்கொள்ளும்படி விளையவில்லை. காய்ந்த பீட் 1997-இல் தீப்பிடித்தது. அந்த ஒரு வருஷம் இந்தோனேசியச் சதுப்புத் தீயில் மட்டும் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை கரிமம் காற்றில் போனதாக மதிப்பிட்டார்கள்.

புகை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தண்ணீரில் போனது தெரியவில்லை. 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் அதே பகுதியில் கெடாத சதுப்பிலிருந்து வரும் கால்வாய் நீரையும், காடழித்து வடித்த சதுப்பிலிருந்து வரும் நீரையும் ஒப்பிட்டார்கள். வடித்த இடத்திலிருந்து சுமார் 50 சதவீதம் கூடுதலாகக் கரிமம் கரைந்து போகிறது. அளவைவிட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதன் வயசு. நல்ல சதுப்பிலிருந்து கரைந்து வருவது நேற்றைய இலை, போன வருஷத்து வேர், வட்டி மாதிரி. கெட்ட சதுப்பிலிருந்து வருவது பல நூறு, சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷத்துக் கரிமம். அது முதல். முதலே கரைகிறது. இரண்டு தண்ணீரும் பார்க்க ஒரே பழுப்புதான், நிறத்தை வைத்து எது வட்டி எது முதல் என்று சொல்லவே முடியாது.

நம்ம பக்கத்துக் கேரளத்தில் குட்டநாட்டின் கரி நிலங்களையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பாதி மட்கிய மரக்கட்டைகள் புதைந்த கறுப்பு மண், கடல் மட்டத்துக்குக் கீழே நெல். அங்கே மண் காய்ந்தால் அடியில் இருக்கும் கந்தகச் சேர்மம் காற்றுப் பட்டுக் கந்தக அமிலமாகும், கார அமில அளவு 4-க்கும் கீழே இறங்கும், இரும்பும் அலுமினியமும் கரைந்து வேரைக் கொல்லும். தண்ணீரை எப்போது வடிப்பது, எப்போது திரும்ப உள்ளே விடுவது என்பதே அங்கே விவசாயம்.

சரி, மீன் ஏன் செத்தது? கரைந்த கரிமம் நுண்ணுயிருக்குச் சுலபமான தீனி. தீனி கிடைத்ததும் அவை பெருகி, குட்டைத் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். நிறம் கறுத்தால் வெளிச்சம் உள்ளே போகாது, பாசி பகலில் ஆக்சிஜன் தருவதும் குறையும். இரவு முழுக்க மூச்சு வாங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடியற்காலையில். அண்ணன் பார்த்தது அந்த நேரம். இது தவிர, கரைந்த கரிமம் இரும்பு, செம்பு, பாதரசம் போன்ற உலோகங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும். குடிநீரில் இது இருந்து, மேலே குளோரினும் போட்டால் இரண்டும் சேர்ந்து குளோரோஃபார்ம் வகைப் பொருட்கள் உண்டாகும் என்பது 1974-இலேயே தெரிந்துவிட்டது. ஏரி நீரைக் குடிநீராக்க நினைக்கிற எந்த ஊரும் ஏரிக்கு மேலே என்ன ஓடி வருகிறது என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

இப்போது நம்ம மண்ணுக்கு வருவோம். பீட் என்றால் காய்ந்த எடையில் குறைந்தது 30 சதவீதமாவது கரிமப் பொருள். நம்ம மண் பரிசோதனை அட்டையில் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நிறைவு. பீட் பணக்காரன் என்றால் நாம் அன்றாடங்காய்ச்சி. அவன் இழப்பதைப் பார்த்து நாம் ஏன் பயப்பட வேண்டும் என்றால், தாழ்ப்பாள் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிதான். ஈரமும் மூடாக்கும் இருக்கிறவரை மட்கு தங்கும். உழுது புரட்டி, சித்திரை வெயிலில் வெறும் மண்ணாகக் காயப் போட்டு, அதன் மேல் திடீரென்று மழை விழுந்தால் நுண்ணுயிர் பாய்ந்து வேலை செய்து ஒரே மூச்சில் கரியமில வாயுவை விடும், கரைந்த கரிமமும் கிளம்பும். காய்ந்து நனையும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும்.

எவ்வளவு போகும்? ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. அதில் 0.1 சதவீதம் கரிமம் என்றால் 900 கிலோ. அட்டையில் 0.4-ஐ 0.5 ஆக்க அந்த 900 கிலோ உள்ளே வந்து தங்க வேண்டும், வந்தால் மட்டும் போதாது. இப்போது தண்ணீர்க் கணக்கு. ஒரு பருவத்தில் 300 மில்லிமீட்டர் மழை வயலை விட்டு வடிகிறது, லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரிமம் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 36 கிலோ. பெரிய தொகை இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்: நம்ம வயலில் மட்கு அதிகம் போவது காற்று வழியாகத்தான். ஆனால் காற்றில் போவதை யாரும் பார்க்க முடியாது, தண்ணீரில் போவதைப் பார்க்கலாம். வடிகாலில் பழுப்பு தெரிந்தால் மண்ணுக்குள் தாழ்ப்பாள் எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க அது ஒரு தாக்கல். உரக் குழியின் கதை வேறு. அங்கே வழிவது செறிவான சாறு, தழைச்சத்தும் சாம்பல்சத்தும் சேர்ந்தே போகும்.

இனி அந்த டம்ளர்கள். கண்ணாடி டம்ளர் மூன்று, ஒவ்வொன்றிலும் நன்கு மட்கிய தொழுவுரம் ஒரு ஸ்பூன். முதலாவதில் மழைத் தண்ணீர். இரண்டாவதில் மழைத் தண்ணீரோடு அரை ஸ்பூன் சலவை சோடா. மூன்றாவதில் மழைத் தண்ணீரோடு ஒரு ஸ்பூன் ஜிப்சம். கலக்கி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தேன். முதலாவது இளம் தேநீர். இரண்டாவது கட்டிக் காப்பி, அடியே தெரியவில்லை. மூன்றாவது ஏறத்தாழத் தெளிந்த தண்ணீர், மட்கு எல்லாம் அடியில். சாமான் எல்லாம் வீட்டில் இருப்பதுதான், நீங்களும் செய்து பாருங்க.

சோடாவில் சோடியம் இருக்கிறது. சோடியம் மட்கைப் பிரித்துக் கரைய விடும். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது. கால்சியம் மட்கையும் களியையும் கை கோத்து நிற்க வைக்கும். களர் நிலத்தில் கோடையில் மேலே கறுப்பாக எண்ணெய் பூசின மாதிரி ஒரு படலம் தெரியுமே, அது அழுக்கு இல்லை. கரைந்து மேலே ஏறிக் காய்ந்த மட்கு. சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாயில் உப்பே கரிக்காது, துணிக்குச் சோப்பு அருமையாக நுரைக்கும், 'நல்ல தண்ணி' என்போம். அது சோடியம் பைகார்பனேட் தண்ணீராக இருக்கலாம். அதைப் பாய்ச்சுகிறவர் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டாவது டம்ளரை வயலில் கலக்குகிறார். தண்ணீர்ப் பரிசோதனையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் என்ற வரியைப் பாருங்க. லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு ஆகாது என்பது கணக்கு. வேறு தண்ணீர் இல்லாதவர்கள் வாய்க்கால் தலைப்பில் தொட்டி கட்டி, ஜிப்சத்தைப் போட்டு, அதன் வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சுவது உண்டு.

இந்த இரண்டாவது டம்ளரைத்தான் பாட்டிலில் அடைத்து நமக்கு விற்கிறார்கள். ஹியூமிக் அமிலம் என்று கறுப்புத் திரவம் கடையில் இருக்கிறதே, அது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியைப் பொட்டாஷ் காரத்தில் கரைத்து எடுப்பது. பழுப்பு நிலக்கரி யார்? பீட் மிக நீண்ட காலம் அமுங்கிக் கிடந்தால் வருவது. நெய்வேலியில் வெட்டி எடுப்பது அதுதான். நம்ம பாகூருக்கு அடியிலும் அது இருப்பதைப் புவியியல் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பாட்டிலில் பலன் இல்லை என்று நான் சொல்லவில்லை, வேர் விடுவதற்கு உதவுவதாகப் பல சோதனைகள் உண்டு. ஆனால் ஏக்கருக்கு ஓரிரு லிட்டர் ஊற்றி 900 கிலோ கணக்கை ஈடு கட்ட முடியாது. கோடையில் வயலை வெறுமையாகக் காயவிட்டு மட்கைக் கரைத்து அனுப்பிவிட்டு, எங்கோ சுரங்கத்திலிருந்து வந்த மட்கைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

பீட்டுக்குப் பதிலாக நாம் உலகத்துக்கே அனுப்புகிற தென்னை நார்க்கழிவிலும் இதே நிறம் உண்டு. அதில் லிக்னினும் துவர்ப்பும் அதிகம். குவியல் மழையில் நனைந்தாலும், அலசிய தண்ணீரை வெளியே விட்டாலும் பழுப்பு நீர் கிணற்றில் இறங்கும். பொள்ளாச்சிப் பக்கம் கிணறுகள் நிறம் மாறியதைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். மாடித் தோட்டத்துக்கு வாங்கி முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுகிற டவுன் நண்பர்கள், அதை அப்படியே மரத்தடி மூடாக்கின் மேல் ஊற்றிவிடுங்க. இலைச் சருகும் மண்ணும் பிடித்துக்கொள்ளும்.

நான் மாற்றியது இவ்வளவுதான். குழியை மேட்டுக்கு மாற்றி, தென்னங்கீற்றுக் கூரை போட்டேன். அடியில் ஒரு சிமெண்ட் தொட்டி; வடிகிற சாற்றைத் திரும்பக் குவியல் மேலேயே தெளிக்கிறேன், மீறி நிரம்பினால் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே வயல் வெறுமையாக இருப்பதில்லை, தக்கைப்பூண்டோ பலதானியமோ நிற்கிறது. வைக்கோலில் மாட்டுக்குப் போக மிச்சம் வயலுக்கு. மூடாக்கு, மூடாக்கு என்று நம்மாழ்வார் ஐயா கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னபோது அதை ஈரம் காக்கிற வழி என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டேன். வடிகால் வாயில் ஒரு சாண் உயரத்துக்குக் கோரையும் சம்பும் வளர விட்டிருக்கிறேன், முன்பெல்லாம் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு மழைக்கும் வடிகால் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, ஜன்னலில் வரிசையாக வைக்கிறேன். முதல் மழை பாட்டில் இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது. போன வருஷத்ததைவிட ஒரு பிடி வெளுப்பு. அண்ணன் இந்த ஆடியில் மறுபடி குட்டையில் குஞ்சு விட்டார். விடுவதற்கு முன் என் ஜன்னலுக்கு வந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.